குத்தை நிறுத்தக் கத்துக்கறது: கராத்தே மூளையிலயும் உடம்புலயும் என்ன பண்ணுது

சேலத்துல பிள்ளைங்கள கராத்தே கிளாஸ்ல சேக்கலாமான்னு யோசிக்கற அம்மா அப்பாங்க பாதி பேரு ஒரே கேள்விதான் கேக்கறாங்க, ஏற்கனவே வீட்ல தம்பிய போட்டு அடிக்கறான், இதை வேற கத்துக்கிட்டா இன்னும் முரடாயிட மாட்டானா? நியாயமான பயம்தான். ஆனா ஒரு நல்ல கிளாஸ்ல போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க, அங்க திரும்பத் திரும்ப பழக்கறதே நிறுத்தறதைத்தான். ஜோடி போட்டு பழகறப்ப குத்து முழு வேகத்துல போகும், ஆனா எதிர்ல நிக்கறவன் மேல படறதுக்கு ஒரு இஞ்ச் முன்னாடி நின்னுடணும். ஜப்பான்ல இதுக்கு சுன்டோமேன்னு பேரு. மாஸ்டர் "யாமே" (நிறுத்து)ன்னு சத்தம் போட்டா பாதி அடியில இருந்தாலும் விட்டுட்டு நேரா நிக்கணும், அந்த வயசுல அது எவ்ளோ கஷ்டம்னு பிள்ளை வளக்கறவங்களுக்குத் தெரியும்.

கை கிளம்பினதுக்கு அப்புறம் அதை நிறுத்தறதுக்கு நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்ங்கற பகுதி வேலை செய்யணும். மூளையில கடைசியா முதிர்ச்சி ஆகற இடங்கள்ல அது ஒண்ணு, முழுசா வளர 25 வயசு வரைக்கும் ஆகும். கோவத்துல கையை ஓங்காம இருக்கறது, டீச்சர் சொன்ன மூணு வேலைய மறக்காம வரிசையா முடிக்கறது, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கவனத்தை மாத்தறது எல்லாமே பெரும்பாலும் இதோட பொறுப்புதான். கட்டான்னா வரிசை மாறாம தனியா செய்யற அசைவுத் தொகுப்பு, அதை பழகறப்பவும் இதுக்குத்தான் பயிற்சி. ஷோட்டோகான்ங்கற கராத்தே பிரிவுல முதல்ல சொல்லித்தர ஹெயான் ஷோடான் கட்டாவுல 21 அசைவு இருக்கு, எந்தப் பக்கம் திரும்பணும், எப்போ கத்தணும், எந்த கால் முன்னாடி வரணும்னு எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டே உடம்பையும் நகத்தணும்.

2011ல அடீல் டயமண்ட், காத்லீன் லீங்கற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சயன்ஸ் பத்திரிகையில, 4ல இருந்து 12 வயசு பிள்ளைங்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டுத் திறமைய வளக்க எதெல்லாம் உதவுதுன்னு தொகுத்து எழுதினாங்க, அந்த லிஸ்ட்ல பாரம்பரிய தற்காப்புக் கலையும் இருந்துச்சு. அங்க ஆதாரமா இருந்தது டேக்வாண்டோங்கற கொரிய தற்காப்புக் கலை பழகின பிள்ளைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சி, ஆனா வணக்கம் வச்சு ஆரம்பிக்கறது, வரிசை, கட்டா மாதிரியான பயிற்சின்னு முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான். 1980கள்ல அமெரிக்காவுல ட்ருல்சன்னு ஒருத்தர் பண்ண ஆராய்ச்சி எனக்கு இன்னும் முக்கியமா படுது. அடாவடி பண்ற பசங்கள்ல ஒரு குரூப்புக்கு மரியாதை, அமைதி, தத்துவம் எல்லாம் சேத்து பாரம்பரிய முறையில சொல்லிக்கொடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு வெறும் சண்டை டெக்னிக் மட்டும். முதல் குரூப்ல முரட்டுத்தனம் குறைஞ்சுது, ரெண்டாவதுல கூடிடுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனாலும் அம்மா அப்பாவோட அந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லுது. யாரு எப்படி சொல்லிக்கொடுக்கறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

அடுத்தது பலம். பிளாக் பெல்ட் குத்தினா ஏன் அவ்ளோ வலிக்குது, ஜிம்முக்குப் போற நம்ம பையன் குத்தினா ஏன் அந்தளவு இல்ல? 2012ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல 12 பிளாக் பெல்ட்டையும், கராத்தே பழகாத ஆனா உடற்பயிற்சி பண்ற 12 பேரையும் வச்சு வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து குத்தச் சொல்லி அளந்தாங்க. ரெண்டு குரூப்புக்கும் தசை பலத்துல பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் டைமிங்ல இருந்துச்சு, தோளோட உச்ச வேகமும் மணிக்கட்டோட உச்ச வேகமும் கராத்தேகாரங்களுக்கு நெருக்கமா ஒண்ணு சேந்து வந்துச்சு. தேர் வடம் பிடிக்கறப்ப நூறு பேரும் ஒரே சத்தத்துக்கு இழுத்தாதான் தேர் நகரும், அதே கணக்குதான் இது. மூளைய ஸ்கேன் பண்ணி பாத்தப்ப அசைவுகளோட நேரத்தை ஒத்துப்போக வைக்கற சிறுமூளையில வெள்ளைப் பொருளோட அமைப்பே வேற மாதிரி இருந்துச்சு, சின்ன வயசுலயே ஆரம்பிச்சவங்களுக்கும் நிறைய வருஷம் பழகினவங்களுக்கும் அது இன்னும் தெளிவா தெரிஞ்சுது. 24 பேர்தானே, அதனால கராத்தேதான் மூளைய மாத்திடுச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா வெள்ளைப் பொருள்ங்கறது மையலின் உறை போத்தின நரம்பு இழைங்க, உறை இல்லாத இழையில சிக்னல் செகண்டுக்கு ஒரு மீட்டர் போல ஊர்ந்தா உறை இருக்கறதுல 100 மீட்டர் வரைக்கும் கூட பாயும், பழகப் பழக இந்த உறை மாறும்னு வேற ஆராய்ச்சிகளும் காட்டுது. அதனாலதான் ஒரே குத்தை மாஸ்டர் வாரக்கணக்குல மெதுவா போடச் சொல்றாரு, "காசு கட்டி ஒரே குத்தையா"ன்னு சலிச்சுக்க வேண்டாம்.

வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்காகும், அதான் பௌதீகம். 1979ல சயன்டிஃபிக் அமெரிக்கன்ல கராத்தேயோட பௌதீகத்தைப் பத்தி எழுதின மூணு பேர்ல ஒருத்தர் ரொனால்ட் மெக்நேர், லேசர் விஞ்ஞானி, கராத்தேயில பிளாக் பெல்ட், அப்புறம் விண்வெளி வீரராகி 1986 சேலஞ்சர் விபத்துல இறந்துபோனாரு. நல்லா பழகினவங்களோட கை செகண்டுக்கு 10ல இருந்து 14 மீட்டர் வேகம் வரைக்கும் போகுதுன்னு அவங்க காட்டினாங்க. அந்த வேகம் கையில மட்டும் பொறக்கறதில்ல, பாதம் தரையை அழுத்தி, இடுப்பு திரும்பி, தோள் வழியா வருது. "கியாய்"னு கத்தறப்ப மூச்சு வெளிய போயி வயித்துத் தசை இறுகும், அதனால நடுவுல உடம்பு தொளதொளன்னு இல்லாம கீழ இருந்து வர விசை முஷ்டிக்குப் போய்ச் சேரும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். ஆண்டு விழா மேடையில எட்டு வயசு பிள்ளைங்கள ஓடு உடைக்க வைக்கறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. வளர பிள்ளையோட எலும்பு ஓரத்துல வளர்ச்சித் தட்டுன்னு குருத்தெலும்பு இருக்கு, எலும்ப விட பலம் கம்மி, அடிபட்டா அந்த எலும்போட வளர்ச்சியே பாதிக்கலாம். பெரியவங்க கை தாங்குதுன்னா அது வருஷக்கணக்குல எலும்பு பழகினதாலயும் சரியான இடத்துல படறதாலயும்தான். குதிக்கறது, உதைக்கறது மாதிரியான அளவான சுமையே பிள்ளைங்க எலும்ப கெட்டியாக்கப் போதும்.

பெரியவங்களுக்கு லாபம் வேற இடத்துல. 30 தாண்டினா பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் தசை குறையும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிப்பட்டறையில குனிஞ்சு உக்காந்தே வேலை பாக்கறவங்களுக்கு, தறியில உக்காறவங்களுக்கு, இடுப்பு முன்பக்க தசை சுருங்கிப் போயிருக்கும். முன்கால மடக்கி பின்கால நீட்டி நிக்கற ஸென்குட்சு டாச்சி அந்தத் தசைய நீட்டும், தொடையையும் பலமாக்கும். ஒத்தக் கால்ல நின்னு மெதுவா உதைக்கறப்ப காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு, கணுக்கால், கண்ணு மூணும் சேந்து வேலை செய்யும், வயசானா கீழ விழறதைத் தடுக்க வேண்டியது இந்தக் கூட்டணிதான். ஜெர்மனியில ரெகன்ஸ்பர்க்ல முதியவங்கள வச்சு பண்ண ஆராய்ச்சியில கராத்தே பழகினவங்களுக்கு மனச்சோர்வு குறைஞ்சதா பாத்திருக்காங்க.

லீவுல ஏற்காடு கேம்ப்புக்கு கூட்டிட்டுப் போனா ஸ்டாமினா ஏறும்னு சொல்றாங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம்தான், வீரருங்க ரத்தத்துல சிவப்பணு கூடறதுக்காகப் போறது பொதுவா 2000 மீட்டருக்கு மேல, அதுவும் வாரக்கணக்குல. அதனால லீவு கேம்ப்ல அந்த மாற்றத்தை எதிர்பாக்க முடியாது, ஆனா மே மாச சேலத்து வெயில்ல இருந்து தப்பிச்சு குளிர்ல நல்லா பழகலாம், அதுக்காக தாராளமா போங்க.

அரசு பள்ளிக்கூடங்கள்ல சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டம் மூலமா பொம்பள பிள்ளைங்களுக்கு தற்காப்புப் பயிற்சி மூணு மாசம் தராங்க, நல்ல விஷயம். ஆனா நரம்பு மாறறதுக்கு மூணு மாசம் ஆரம்பம் மட்டும்தான், அதுக்கப்புறமும் வாரத்துக்கு ரெண்டு நாளாவது பள்ளிக்கூட மைதானத்துலயே தொடர்ந்தா அந்தப் பிள்ளைங்களுக்கு எவ்ளோ பெரிய சொத்து. கிளாஸ் தேடறவங்க சேக்கறதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: சண்டைப் பயிற்சியில தலையில அடிக்க விடறீங்களா, ஒரு பெல்ட்டுக்கும் அடுத்த பெல்ட்டுக்கும் நடுவுல எத்தனை மாசம். நாப்பது தாண்டி சேர்றவங்க பிரஷர், மூட்டு வலி இருந்தா முதல் நாளே மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, ரொம்பத் தாழ நிக்காம கொஞ்சம் உயரமா நின்னே பழகலாம்.