ஏரோசோல்: தமிழில் ‘மிதவைத்துகள்’

கடைத்தெருவில் ஏரோசோல் என்றால் நுளம்பு மருந்து அடிக்கும் தகரப்பேணிதான். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் அச்சொல் குறிப்பது பேணியை அன்று. காற்றில் கலந்து நிற்கும், பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத, திரவ அல்லது திண்மத் துகள்களின் கூட்டத்தை. ‘ஏரோ’ என்பது காற்றைக் குறிக்கும் கிரேக்க வேர். ‘சோல்’ என்பது கரைசலுக்கான ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி. இரண்டையும் அப்படியே பெயர்த்தால் ‘வளிக்கரைசல்’ கிடைக்கும். ஆனால் இங்கு எதுவும் கரைவதில்லை.

‘நுண்துளி’யும் போதாது. திருகோணமலைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கோணேசர் மலையடிப் பாறைகளில் அலை மோதும்போது பெருந்துளிகள் அங்கேயே விழுந்துவிடுகின்றன. சிறியவையோ நீர் வற்றி உப்பாகி, காற்றோடு ஊருக்குள் வந்து, மூக்குக்கண்ணாடியில் மங்கலாகப் படிந்து, யன்னல் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துளி போய்விட்டது, துகள் மிதக்கிறது.

கொடிய வைரசு இருக்கக்கூடிய இரத்த மாதிரியின் மூடியைத் திறக்கும்போதும், திரவத்தை அளந்தெடுக்கும் குழாயியின் (பிப்பெற்) கடைசித் துளியை வெளியே தள்ளும்போதும், மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் பொறியான மையநீக்கியில் சுழலும் குழாய் உடையும்போதும் நிகழ்வது இதுவே. 5 மைக்கிரோமீற்றர் அளவுள்ள துகள் அசையாத காற்றில் ஒன்றரை மீற்றர் இறங்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் ஆகும். குழாய் உடைந்தது தெரிந்தால் பொறியை நிறுத்தி, 30 நிமிடம் திறக்காமல் விடுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகூடப் பாதுகாப்புக் கைந்நூல் கூறியது இதனாலேயே.

‘தொற்று’ என்ற நம் சொல்லும் சற்றே வழிதவற வைக்கிறது. மரத்தில் தொற்றி ஏறுகிறோம், புறப்பட்ட பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறோம், எல்லாமே தொடுகை. எனவே கையுறையும் ஊசிக்குத்தும் நினைவுக்கு வருகின்றன, மூச்சு வருவதில்லை. ஆய்வுகூடங்களில் ஏற்பட்ட 3,921 தொற்றுகளை 1976இல் தொகுத்த ஆய்வாளர் ரொபேட் பைக், அவற்றுள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே அறியப்பட்ட விபத்தொன்று காரணமெனக் கண்டார். எஞ்சியவற்றில் பலவற்றுக்கு ஏரோசோல் மீதே ஐயம் விழுந்தது.

ஆதலால் ‘மிதவைத்துகள்’ என்பதே என் தெரிவு. “மிதவைத்துகள் எழும் வேலைகளைப் பாதுகாப்பு அலுமாரிக்குள் மட்டும் செய்க” என்று ஆய்வுகூடச் சுவரில் எழுதலாம். (அந்த அலுமாரி, காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் வேலைப்பெட்டி.) பழகும்வரை அருகில் அடைப்புக்குறிக்குள் ஏரோசோல் என்று இட்டுவைப்பதில் எனக்கு மறுப்பில்லை.