லைட் போட்டால்தான் படம் வரும்: டிரெய்லர் பின்கேமராவின் வயரிங்

வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் வீடு போன்ற டிராவல் டிரெய்லரின் பின்சுவரில் கேமராவை மாட்டி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் திரையை ஒட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். திரையில் ‘சிக்னல் இல்லை’. கழற்றி மாட்டினாலும், திரையோடு மறுபடி இணைத்தாலும் அதே கதைதான். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டால் படம் பளிச்சென்று வந்து நிற்கிறது. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. ‘கேமராவுக்குத் தயார்’ என்று சொல்லிப் பின்சுவரின் உச்சியில் தயாரிப்பாளர் விட்டுவைத்த இரண்டு வயர்களும் பெரும்பாலும் பார்க் லைட் சுற்றிலிருந்து பிரித்தவை. முன்வண்டியில் விளக்கு எரிந்தால்தான் அவற்றில் 12 வோல்ட் இருக்கும்.

காரணம் சிக்கனம்தான். உச்சியில் இருக்கும் சிவப்பு மார்க்கர் விளக்குகளுக்காக அங்கே வயர் ஏற்கெனவே போயிருக்கிறது. அதிலிருந்தே ஒரு கிளை எடுத்துவிட்டால், பேட்டரியிலிருந்து சுவருக்குள் தனி வயர் இழுக்கும் வேலை மிச்சம். பகலிலும் ஹெட்லைட்டோடு ஓட்டுகிறவருக்கு இது போதும். ஆனால் பகலில் தானாக எரியும் முன்விளக்கை நம்பக் கூடாது; பெரும்பாலான வண்டிகளில் அது டிரெய்லரின் விளக்குச் சுற்றுக்கு மின்சாரம் தருவதில்லை.

எந்த வயரில் பிடிப்பது?

கேமரா சாப்பிடும் மின்சாரம் மிகக் குறைவு. இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு எல்.இ.டி.க்களையும் சேர்த்தால்கூட சுமார் கால் ஆம்பியர். அதனால் ‘தாங்குமா’ என்ற கேள்வியே எழாது. எப்போது மின்சாரம் வேண்டும், எப்போது வேண்டாம் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

வட அமெரிக்க டிரெய்லர்களில் வழக்கமாக இருக்கும் 7 பின் பிளக்கில் ஒரு பின் எர்த். மற்றவை பார்க் லைட், இடது சிக்னல், வலது சிக்னல், மின்சார பிரேக், 12 வோல்ட் சார்ஜ் லைன், நடுவில் ரிவர்ஸ். வயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. பழுப்பு வயர் ஒரு முறைப்படி பார்க் லைட். டிராவல் டிரெய்லர்களில் புழங்கும் இன்னொரு முறைப்படி அதுவே வலது சிக்னல். தெரியாமல் அதில் பிடித்தால், வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போடும்போதெல்லாம் கேமராவும் விட்டுவிட்டு உயிர்பெறும். யாரையாவது முன்வண்டியில் உட்கார வைத்து ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, டெஸ்ட் லாம்பால் வயரைத் தொட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஐரோப்பாவின் 13 பின் பிளக்கில் குழப்பம் குறைவு: 8 ரிவர்ஸ், 9 எப்போதும் இருக்கும் 12 வோல்ட், 10 சாவி போட்டால் வரும் 12 வோல்ட். கேமராவுக்கென்றே செய்தது போல இருக்கிறது அந்த 10.

ரிவர்ஸ் வயரில் பிடிப்பது காருக்குச் சரி, டிரெய்லருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ரிவர்ஸ் விளக்கு இல்லாத டிரெய்லர்களில் அந்த வயர் ஜங்ஷன் பாக்ஸோடு நின்றுபோயிருக்கும். வயர்லெஸ் கேமரா விழித்தெழுந்து திரையோடு இணையச் சில விநாடிகள் எடுக்கும். அதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். அதைவிட முக்கியம், 8 மீட்டர் டிரெய்லரை இழுத்துப் போகிறவருக்குப் பின்கேமராவின் பெரிய பயனே சாலையில் ஓடும்போதுதான். உள்கண்ணாடியில் டிரெய்லரின் முன்சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

டிரெய்லர் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பது நல்ல வழி. சார்ஜ் லைன் என்று தனியாகத் தேட வேண்டாம். டிரெய்லருக்குள் அது போய்ச் சேர்வதும் அந்தப் பேட்டரியில்தான். ஒரே ஆபத்து மறதி. கால் ஆம்பியர் என்றாலும் 24 மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்று கணக்கு வைத்தால், எட்டு நாளில் அது தீர்ந்துவிடும். ஆகவே கதவருகே ஒரு சுவிட்ச் வேண்டும். பேட்டரிப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். அதைக் கேமராப் பக்கம் வைத்துப் பயனில்லை. நடுவழியில் வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த மெல்லிய வயர் வழியாகப் பாயும். கோடியில் உட்கார்ந்திருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

சுவிட்ச் போட மறப்பவர்களுக்கு ரிலே, அதாவது ஒரு சுற்றில் மின்சாரம் வந்ததும் இன்னொரு சுற்றைத் தானாக இணைக்கும் சுவிட்ச். ரிலேயை இயக்கும் கம்பிச்சுருளான காயிலைப் பார்க் லைட் வயரில் இணைத்து, கேமராவுக்கான மின்சாரத்தை ரிலேயின் தொடர்புமுனை வழியாகப் பேட்டரியிலிருந்து கொடுத்தால், லைட் போட்டதும் கேமரா வரும், அணைத்ததும் போகும். மின்சாரம் மட்டும் சுத்தமாகப் பேட்டரியிலிருந்தே கிடைக்கும். அந்தச் சுத்தம் ஏன் தேவை என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

படம் ஏன் துடிக்கிறது?

மின்னழுத்தம் வழியில் குறைவதுதான் காரணம் என்று எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமன் அளவு) செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு 0.021 ஓம். 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினால் 0.42 ஓம். கேமராவின் கால் ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். ஆனால் அதே வயரில் பழைய இழை பல்புகள் வரிசையாக நின்று 5 ஆம்பியரைக் கடைசிவரை இழுத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். துருப்பிடித்த பிளக் இன்னும் ஒன்றைத் தின்னும். 9 முதல் 32 வோல்ட் வரை ஏற்கும் கேமரா இதையும் சமாளித்துவிடும். குறைந்தது 12 வோல்ட் கேட்கும் மலிவுக் கேமரா அணைந்து அணைந்து எரியும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குப் படாதது. புதிய வண்டிகள் சிலவற்றில் டிரெய்லர் விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் தொடர்ச்சியாக இருப்பதில்லை. விநாடிக்கு நூறு தடவைக்கும் மேல் போட்டுப் போட்டு அணைக்கிறது வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி. பி.டபிள்யூ.எம். என்று இதைச் சொல்வார்கள். பல்பின் இழை அதற்குள் ஆறுவதில்லை, ஆகவே ஒளி சீராகவே தெரியும். கேமராவுக்கோ அது விநாடிக்கு நூறு மின்வெட்டு. 13.5 வோல்ட்டை 60 சதவீத நேரம் மட்டும் கொடுத்தால் சாதாரண மல்டிமீட்டர் சராசரியாக 8 வோல்ட் என்று காட்டும். பார்க்கிறவர் ‘எங்கோ வயர் லூஸ்’ என்று டிரெய்லர் முழுக்கத் தேடுவார். டிரெய்லர் பிளக்கைக் கழற்றி, முன்வண்டியின் சாக்கெட்டிலேயே ஒரு பல்பை மாட்டி அளந்து பாருங்கள். அங்கேயும் 8 என்றால் வயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மருந்து எளிது. கேமராவுக்கு வரும் பாசிட்டிவ் வயரில் ஒரு டயோடு, அதற்கு அப்பால் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. மின்சாரம் வரும் நொடித்துளியில் கெப்பாசிட்டர் நிரம்பிக்கொள்ளும். நிற்கும் நொடித்துளியில் அது கேமராவுக்கு ஊட்டும். அந்த ஊட்டம் விளக்குகளின் பக்கம் திரும்பி ஓடிவிடாமல் டயோடு தடுக்கும். கால் ஆம்பியர் சுமையில் 5 மில்லிவிநாடி இடைவெளிக்கு இறக்கம் ஒன்றேகால் வோல்ட்தான். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து மடங்கு பெரிய கெப்பாசிட்டர் போட வேண்டாம். முதல் நிரம்பலில் இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து ஷார்ட் என்று கருதி, கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சுற்றையே அணைத்துவிடக்கூடும். பி.டபிள்யூ.எம். வரும் வண்டியில் ரிலேயின் காயிலுக்கும் இதே ஏற்பாடு தேவை. இல்லாவிட்டால் ரிலே வண்டு போல ரீங்காரமிடும்.

வயர் வழிக் கேமராவில் வேறொரு தொல்லை உண்டு: எர்த். டிரெய்லரின் எர்த் பிளக்கின் வெள்ளை வயர் வழியாகத்தான் முன்வண்டிக்குத் திரும்ப வேண்டும். கொக்கியின் இரும்புக் குண்டு கிரீஸும் துருவுமாக இருக்கும், அதை நம்ப முடியாது. வெள்ளை வயரின் முனை அரித்துப்போனால் விளக்குகளின் மின்னோட்டம் வேறு பாதை தேடும். அது கண்டுபிடிக்கும் பாதை, கேமராவிலிருந்து திரைக்குப் போகும் வீடியோ கேபிளின் வெளிப்பின்னல். முதலில் திரையில் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். சிக்னல் போட்டால் படம் துள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால், சில மில்லிஆம்பியருக்காகச் செய்த அந்தப் பின்னல் பல ஆம்பியரைச் சுமந்து சூடேறி, உறை உருகும். படத்தில் பட்டை கண்டால் கேமராவை மாற்ற ஓட வேண்டாம், பிளக்கின் எர்த் பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்கவும்.

வயர்லெஸ்ஸில் இந்த எர்த் தொல்லை இல்லை, உலோகம் தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அலுமினியத் தகடு போர்த்திய டிரெய்லரை அது ஊடுருவாது. சுவரோரமாகவும் அடிப்பக்கமாகவும் தெறித்துத்தான் முன்வண்டியை எட்டும். திரையின் ஆன்டெனாவை நீட்டிப்பு கேபிளால் முன்வண்டியின் பின்கண்ணாடிக்குக் கொண்டுபோனால் நிலைமை பெரிதும் தேறும். படம் சுருக்கப்பட்டு அனுப்பப்படுவதால் ஐந்தில் ஒரு விநாடி தாமதம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 4 கிலோமீட்டரில் ரிவர்ஸ் எடுக்கும்போது அது 22 சென்டிமீட்டர். நெடுஞ்சாலையில் அது பொருட்டல்ல, பின்னால் வருகிறவரும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் வருகிறார். உறைந்துபோகும் படம்தான் ஆபத்து. டிஜிட்டல் சிக்னல் மங்கி மங்கிச் சாகாது, கடைசிப் படத்தோடு அப்படியே நின்றுவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றுபோன படமும் காலியான இடமும் ஒன்றுபோலவே இருக்கும். சிக்னல் போனதும் திரையைக் கறுப்பாக்கும் மாடலே மேல்.

சுவரில் கைவைக்குமுன்

துளை போடுவது கடைசி வேலை. முதலில் கேமராவை டேப்பால் பின்சுவரில் ஒட்டி, சிறிய 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, எஞ்சின் ஓடும்போது முன்சீட்டிலிருந்து படம் பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் நேர்க்கோட்டில் இருக்கும்போதும் பாருங்கள், மடங்கி நிற்கும்போதும் பாருங்கள்.

தயாராக வயர் இல்லாத டிரெய்லரில் புதுத் துளை போடுவதைவிட, உச்சியின் நடு மார்க்கர் விளக்கைக் கழற்றினால் அதற்குப் பின்னால் வயரும் துளையும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் விளக்கைத் தூக்கிப்போட முடியாது: 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள டிரெய்லரின் பின்உச்சியில் மூன்று சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. சிவப்பு எல்.இ.டி.யும் சேர்ந்த கேமரா இதற்கென்றே கிடைக்கிறது. கேமராவைக் கீழே தள்ளி மாட்டி வயரை மட்டும் விளக்கின் பின்னாலிருந்து எடுத்துக்கொள்வதும் நல்லதே.

இணைப்புக்கு 22–16 கேஜுக்கான சிவப்பு பட் கனெக்டர் (இரு வயர் முனைகளைச் சேர்க்கும் குழாய்), சூட்டில் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் வகை. கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடிக்கவைத்து), இழுத்துப் பார்த்து, பிறகு சூடு காட்ட வேண்டும். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் வகை வெளியில் வேண்டாம். அது கீறிய இடத்தில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூக்கும். தாங்குபலகையின் பின்புறம் பியூட்டைல் டேப், மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் வழியாத வகை சீலன்ட். கீழ்விளிம்பை மூடாமல் விடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும். சிலிக்கானைத் தவிர்க்கலாம், பின்னாளில் அதன் மேல் வேறெந்த சீலன்ட்டும் பிடிக்காது. வயர் துளைக்குள் நுழைவதற்கு முன் ‘ப’வைக் கவிழ்க்காமல் வைத்தது போல ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். மழைநீர் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. ஒட்டுப்பலகைச் சுவருக்குள் ஈரம் போனால் மேல்தகடு பிரிந்து உப்பும். அந்தச் செலவில் பத்து கேமரா வாங்கலாம்.

எவ்வளவு சாய்ப்பது?

கேமரா 3 மீட்டர் உயரத்தில், அதன் செங்குத்துப் பார்வை 80 டிகிரி என்று கொள்வோம். 50 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் படத்தின் அடிவிளிம்பு நேர்க்கீழே பார்க்கும். பம்பரும் அதை ஒட்டிய தரையும் தெரியும். ஆனால் மேல்விளிம்பு அடிவானத்துக்கு 10 டிகிரி கீழேயே நின்றுவிடுவதால் 17 மீட்டருக்கு அப்பால் தரை தெரியாது. நெடுஞ்சாலையில் பின்தொடரும் லாரியின் டயர்கூட வெளியே இருக்கும். 35 டிகிரி என்றால் அடிவானம் வந்துவிடும், பம்பருக்குப் பின்னால் 80 சென்டிமீட்டர் தரை மறைந்துபோகும். இரண்டும் வேண்டுமென்றால் 40 அளவில் நிறுத்துங்கள்: அடிவானம் படத்தின் மேல்விளிம்பைத் தொடும், மறையும் பகுதி அரை மீட்டர்.

திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் காரின் உயரத்துக்கு வரைந்தவை; 3 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அவற்றுக்குப் பொருள் இல்லை. அவற்றை அணைத்துவிட்டு, பம்பரிலிருந்து 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் தரையில் தலா ஒரு பலகையை வைத்து, திரையில் அவை தெரியும் இடத்தில் மெல்லிய டேப் துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். முதல் நெடும்பயணம் முடிந்ததும் அதே பலகைகளை அதே தூரத்தில் வைத்துப் பாருங்கள். டேப்பும் பலகையும் பொருந்தவில்லை என்றால் அதிர்வில் தாங்கியின் திருகு நெகிழ்ந்திருக்கிறது. திருகு நெகிழாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முறுக்கவும்.