ஒரு லாரி அச்சு, 32,768 கார்கள்

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எண்ணூர் விரைவுச் சாலையில புதுசா தார் போட்டா ரெண்டு மழைக்கு மேல தாங்கறதில்ல. எங்க தெருவுல போட்டது அப்படியே இருக்கு. ரெண்டும் தார்தானே சார், காசு எங்கே போகுது?"

காசை விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் சாலை வழியே ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

மேலே தார்க்கலவை, நடுவில் ஜல்லி, அடியில் மண். சக்கரம் ஏறும்போது தார் அடுக்கு துளியூண்டு வளைந்து, போனதும் நிமிர்கிறது. வளையும்போதெல்லாம் அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் பட்டென்று ஒடியுமே, அதே கதைதான். வெடிப்பு பெரும்பாலும் அடியில் பிறந்து மேலே வருகிறது. நாம் பார்க்கும்போது அதற்கு வயதாகியிருக்கும்.

சரி, எத்தனை முறை வளைத்தால் ஒடியும்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இதற்கென்றே சுற்றுச் சாலைகள் போட்டு, ராணுவத்தினரை வைத்து லாரிகளை ஓட்டு ஓட்டென்று ஓட்டிப் பார்த்தார்கள். எடை இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்கு என்றுதானே நினைப்போம்? 16 மடங்கு! அச்சு என்பது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு. அதன் மேல் ஏறும் எடையை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற எண்ணோடு, ஏறக்குறைய, சேதம் ஏறுகிறது.

இதை வைத்துக் கணக்குப் போட எனக்கு அலுப்பதே இல்லை. சின்ன கார் ஒரு டன். ஓர் அச்சுக்கு அரை டன். லாரியின் பின் அச்சு 8 டன் என்றால் 16 மடங்கு. 16 × 16 × 16 × 16 என்று பெருக்கினால் 65,536. காருக்கு இரண்டு அச்சு என்பதால், லாரியின் அந்த ஒற்றை அச்சு 32,768 கார்களுக்குச் சமம். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். எடை 13 சதவீதம்தான் கூடியது. சேதம் சுமார் 60 சதவீதம். அதே சரக்கை இரண்டு அச்சுக்குப் பதிலாக மூன்றில் பரப்பிப் பாருங்கள், மொத்தச் சேதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். தார் அடுக்கின் தடிமனைக் கொஞ்சம் கூட்டி, அந்த அடிப்பக்க இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும், ஆயுள் இருமடங்குக்கு மேல் போகிறது. கூடுதல் தாருக்கு ஆகும் செலவு மறுபடி மறுபடி ஒட்டுப்போடும் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை. ஆனால் தடிமனுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? விபத்து நடக்கும் பள்ளத்தைக் காவு வாங்கும் இடம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் நசுக்குகிற ஊர் இது.

மழை விட்டதும் வெடிப்போரம் பாருங்கள், சாம்பல் நிறச் சேறு கசிந்திருக்கும். உள்ளே இறங்கிய தண்ணீரைச் சக்கரம் பம்பு அடித்ததுபோல வெளியே தள்ளும்போது, ஜல்லிக்கு நடுவே இருந்த பொடியும் கூடவே வந்துவிடுகிறது. அப்புறம் மேலே இருப்பது உள்ளே விழ வேண்டியதுதான். வெடிப்பு மயிரிழையாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் செலவு குறைவு. விட்டுவிட்டு, பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், தண்டையார்பேட்டையில் என் அத்தை வீட்டுக்கு ஏறிப்போன மூன்று படி போய், இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகிறோம்.

உங்கள் தெருவில் பைக்கும் ஆட்டோவும்தானே ஓடுகின்றன, அதனால்தான் தாங்குகிறது. ஆனால் தண்ணி லாரி வந்து நிற்கும் தொட்டியருகே போய்ப் பாருங்கள். சக்கரம் நின்ற இடம் குழிந்திருக்கும்.