வின்ச்: தூக்குவதா, இழுப்பதா?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் லாரியின் சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டால், சேலத்திலிருந்து ரெக்கவரி வண்டி வரும். அதன் பின்புறம் ஒரு டிரம், டிரம்மில் சுற்றிய கம்பிக்கயிறு, முனையில் கொக்கி. "வின்ச்ச மாட்டுங்க" என்பார் டிரைவர். இதே அமைப்பை டீசல் இன்ஜினோடு சேர்த்து, ஒரு கையும் வைத்து, அயோத்தியாப்பட்டணம் பக்கம் கிணறு வெட்டும் இடத்தில் நிறுத்தினால் அதற்குப் பெயர் கிரேன். பழனிக்குப் போனாலோ, மலையேறும் பெட்டிக்கே வின்ச் என்ற பெயர் வந்துவிட்டது. "வின்ச்சுல ஏறி வந்தோம்" என்று சொல்பவர்களில் பலர், மேலே இருந்து தங்களை இழுத்த பொறியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சொல் ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் 'வின்சே' என்றால் கயிறு சுற்றும் உருளை, கப்பி. அதற்கும் அடியில் இருக்கும் வேருக்கு 'வளைதல்' என்று பொருள் சொல்கிறார்கள். கண் சிமிட்டுவதைக் குறிக்கும் 'விங்க்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். சுழற்றுவதற்கான வளைந்த கைப்பிடியையும் பின்னர் வின்ச் என்றே அழைத்தார்கள். இதே வேலையைச் செய்யும் 'விண்ட்லாஸ்' கேட்பதற்கு உறவுக்காரன் மாதிரி இருந்தாலும் வேறு குடும்பம். பழைய நார்ஸ் மொழியின் 'சுற்று', 'கம்பம்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? லிப்ட் மின்தூக்கி, கிரேன் பாரந்தூக்கி என்று ஆன பிறகு, வின்ச்சையும் ஏதோ ஒரு தூக்கியாக்கிவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வின்ச்சின் முதல் வேலை இழுப்பது. சரிவில் கிடக்கும் லாரியை இழுக்கும்போது எடையில் ஒரு பங்கைத் தரையே தாங்கிக்கொள்கிறது. பிரேக் நழுவினாலும் லாரி கொஞ்சம் பின்வாங்கும், அவ்வளவுதான் என்று நினைத்துச் செய்த பொறிகள் உண்டு. அதே பொறியில் பாரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டால் பிரேக் நழுவுவது வேறு கதை. தகட்டில் அடித்திருக்கும் டன் கணக்கும் பெரும்பாலும் டிரம்மின் முதல் அடுக்குக் கயிற்றுக்கானது. அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் கூடும், இழுக்கும் வலு குறையும்.

கிணற்றுமேட்டில் ஒருநாள் இதை நேரில் பார்த்தேன். ஆபரேட்டர் கிளட்சால் இன்ஜினிலிருந்து டிரம்மைப் பிரித்துவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்தபடி பக்கெட்டை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு ஆட்கள். இது வின்ச்தானே, ஆளை ஏற்றலாமா என்று கேட்டேன். "இல்லீங்கண்ணா, இது கிரேனுங்க" என்றார். பெயரே அனுமதிச் சீட்டாகிவிட்டது! கீழே போன இருவரின் உயிரும் அவருடைய ஒற்றைக் கால் அழுத்தத்தில் இருந்தது.

பக்கத்தில் நின்றிருந்த தோட்டத்துக்காரப் பெரியவர் பொறியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நம்ம கவலைதானுங்க இது, மாட்டுக்குப் பதிலா இன்ஜின்" என்றார். கவலை என்றால் மாடு கட்டி நீர் இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் சால் கீழே போகும். தேவையான சொற்கள் அதிலேயே கிடக்கின்றன. கயிற்றுக்கு வடம், அது ஓடுவதற்கு உருளை. தேர் இழுப்பதும் வடம்தான். சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயில் தேரை வடம் பிடித்த யாரும் அதைத் தூக்குகிற கயிறு என்று நினைக்க மாட்டார்கள். பிரேக்குக்கு, தேரை நிறுத்தப் போடும் முட்டுக்கட்டையும் நம்மிடம் இருக்கிறது.

கம்பிவடத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு நல்ல சொல்: புரி. முப்புரி நூலில் வருகிற அதே புரி. பல கம்பிகள் முறுக்கி ஒரு புரி, பெரும்பாலும் ஆறு புரிகள் முறுக்கி ஒரு வடம். நடுவில் பல வடங்களில் எண்ணெய் ஊறிய நார்க்கயிறு இருக்கும். ஒரு புரி வடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவர எடுக்கும் நீளம் ஒரு முறுக்கு. அந்த நீளத்துக்குள் 6 கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 அறுந்திருந்தாலோ ஓடும் வடத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது கிரேன்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பொறியை நிறுத்தி, மின்சாரத்தில் ஓடுவதென்றால் பியூஸையும் பிடுங்கிவிட்டு, ஒரு பழைய துணியை வடத்தின்மேல் சுற்றி மெல்ல நகர்த்தினால் அறுந்த கம்பி துணியில் மாட்டும். வெறுங்கையால் தடவினால் விரலில் மாட்டும். கிரீஸை வெளியே அப்பிவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே இறங்காத கிரீஸுக்கு அடியில் துரு நிம்மதியாக வேலை பார்க்கும்.

வடம் முழுதும் இறங்கினாலும் டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று மிச்சம் இருக்க வேண்டும். முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் முழுப் பாரத்தையும் தாங்கச் செய்ததல்ல. சுற்றுகளின் பிடிமானம்தான் தாங்குகிறது. மலைப்பாதையில் கைதேர்ந்தவர்கள் இழுக்கத் தொடங்கும் முன் வடத்தின் நடுவில் கனமான நனைந்த கோணிச்சாக்கைத் தொங்கவிடுவார்கள். வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசாமல் சாக்கு அதைக் கீழே அமுக்கும். அப்படியும் வடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் பெயர்களைப் பிரித்தே வைத்தது. லிப்ட் வகைக்கு 28-ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. பாரம் தூக்கும் பொறி, சங்கிலி, கயிறு ஆகியவற்றுக்கு 29-ஆவது பிரிவு, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

பெயருக்கு வருகிறேன். முதலில் 'வடப்பொறி' என்று யோசித்தேன். வீட்டில் சொன்னால், எலிக்கு வடை வைக்கிற பொறியா என்றார்கள். விட்டுவிட்டேன். பழனிப் பெட்டியைப் பத்திரிகைகள் 'இழுவை ரயில்' என்றே எழுதுகின்றன. அதே வழியில் வின்ச்சுக்கு 'இழுவைப்பொறி' பொருந்தும் என்பது என் கட்சி. அதே ஆபரேட்டரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "பேரு நீளமுங்கண்ணா, இழுவைன்னே வெச்சுக்கலாம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஆனா படம் நல்லா இல்லைன்னா சொல்றாப்பல இருக்குதுங்களே!"