நல்ல மார்க் வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வில் ஏன் இறங்குகிறது?

தக்கலையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் காலாண்டில் கணக்கில் 97, அரையாண்டில் 84. "கண்ணு பட்டுட்டு" என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாராம். மகளுக்கோ, புள்ளியியல் பாடம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறதாம். இரண்டையும் ஒரே விளையாட்டில் தீர்க்கலாம்.

முதலில் பயம். கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மூளை கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும். பதற்றம் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை 2001ல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். பயப்படும் பிள்ளை மக்கு அல்ல. தெரிந்த கணக்கும் அந்த நேரத்தில் வராது. எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். முதல் நாளே அதன் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் பதற்றம்தான் மிஞ்சும்.

அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி, எத்தனை தலை விழுந்தது என்று எழுதட்டும். அதுதான் மார்க். 7ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் ஏறக்குறைய 7 பேர் இருப்பார்கள். 3ம் அதற்குக் கீழும் இன்னொரு 7 பேர். மேலே இருப்பவர்களுக்குக் கைதட்டுங்கள். கீழே இருப்பவர்களை ஆசிரியர், விளையாட்டுக்குத்தான், நன்றாகத் திட்டட்டும். சரி, மறுபடி சுண்டச் சொல்லுங்கள்.

பாராட்டு வாங்கிய குழுவின் சராசரி 5க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். திட்டு வாங்கிய குழு 5க்குப் பக்கத்தில் ஏறிவிடும்! நாணயத்துக்குத் திட்டும் உறைக்காது, கண்ணும் படாது. அதிர்ஷ்டம் அடித்தவர்களாகப் பார்த்துத்தான் மேல் குழுவில் சேர்த்தோம். அந்த அதிர்ஷ்டம் அடுத்த சுற்றுக்குக் கூடவே வராது.

அடுத்த கட்டம் இன்னும் அழகு. ஆளுக்கு ஒரு சீட்டில் 1 முதல் 10 வரை ஏதோ ஒரு எண் கொடுங்கள். அது மாறாத திறமை. விழுந்த தலைகளை அதோடு கூட்ட வேண்டும். இப்போது மேல் குழு மறு சுற்றில் கொஞ்சம் இறங்கும், ஆனால் வகுப்புச் சராசரி வரை இறங்காது. திறமை நிற்கிறது, அதிர்ஷ்டம் மட்டும் கழிகிறது. தேர்விலும் அப்படித்தான், முந்தின இரவு படித்த கேள்வியே வந்தது என்பதெல்லாம் நாணயத்தின் பங்கு. 1886ல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் வளர்ந்த 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குதான் தெரிந்தது: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியின் பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தார்கள். குளச்சலில் ஒரு நாள் மீனை அள்ளிக்கொண்டு வந்த வள்ளம் மறுநாள் குறைவாகக் கொண்டுவந்தால், அங்கேயும் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

இந்நேரம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சார், 5லேருந்து எவ்வளவு தள்ளிப் போனா அதிசயம்?" அதற்குப் பதில்தான் திட்ட விலக்கம். இந்த விளையாட்டில் அது சுமார் 1.6. ஆகவே 7 சாதாரணம். 9 வந்தால்தான் ஆச்சரியம். சூத்திரத்தை இப்போது எழுதுங்கள், பிள்ளைகளே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வேதியியலுக்கு ஆய்வகம் கட்டுகிறோம், கட்டத்தான் வேண்டும். புள்ளியியலுக்கு நான் பணம் கேட்கவில்லை, இரண்டு பீரியட் கேட்கிறேன்.

அம்மாவுக்கு ஒன்று. இரண்டு மார்க்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய கணக்கு மார்க்குகளை மகளே வரிசையாக எழுதி, சராசரியும் திட்ட விலக்கமும் எடுக்கட்டும். 84 அவளுடைய வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அடுத்தடுத்த தேர்வுகளிலும் இறங்கிக்கொண்டே போனால், விடைத்தாள்களை எடுத்து எந்தப் பாடத்தில் மார்க் போகிறது என்று பாருங்கள்.