ரோமத் தங்கக் காசு: முகத்தை விடுங்கள், தராசை எடுங்கள்

பழைய ரோமத் தங்கக் காசைப் பார்த்ததும் யாரும் முதலில் கவனிப்பது அதிலுள்ள முகத்தைத்தான். இது எந்தப் பேரரசர், நீரோவா, டிராஜனா? நாணயம் படித்தவர்கள் அதற்கு முன்பே தராசைத் தேடுவார்கள்.

காரணம், அவ்ரியஸ் எனும் அந்தத் தங்கக் காசின் எடை காலப்போக்கில் இறங்கிக்கொண்டே வந்தது. ராத்தல் என்பது ரோமர்களின் எடை அளவு. ஒரு ராத்தல் தங்கத்தில் ஜூலியஸ் சீசர் 40 காசு அடித்தார். ஒன்று சுமார் 8 கிராம். கி.பி. 64-இல் நீரோ அதே ராத்தலில் 45 அடித்தார், எடை 7.3 கிராம் ஆனது. பின்னால் வந்த பேரரசர் கரகல்லா 50 அடித்தார். அதற்கும் பிந்தைய பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் 72. எடை நாலரை கிராம், பெயரும் சாலிடஸ் என்று மாறிவிட்டது. ஆக, நீரோ பெயர் போட்ட காசு 7.6 கிராம் இருந்தால் அது 64-க்கு முந்தையது. அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது, தேய்ந்தும் குறைந்திருக்கலாம்.

தராசு கையில் இருக்கும்போதே தங்கம்தானா என்றும் பார்த்துவிடலாம். 7.3 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், சுத்தத் தங்கம் சுமார் 0.38 கிராம் குறைத்துக் காட்டும். உள்ளே வெள்ளி, மேலே தங்க முலாம் என்றால் கிட்டத்தட்ட 0.7 கிராம் குறையும். முலாம் மோசடி ரோமர் காலத்திலேயே இருந்ததுதான். ஆனால் டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்துக்கு மிக நெருக்கம் என்பதால் அந்தக் கலப்படம் மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

அப்புறம் எழுத்து. என்னைக் கேட்டால், சுவாரஸ்யமே இங்கேதான். விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். பாதிச் சொற்கள் குறுக்கப்பட்டிருக்கும். அவை பேரரசரின் பட்டங்கள். புதுப் பட்டம் கிடைத்ததும் காசில் ஏறிவிடும். டிராஜனையே எடுத்துக்கொள்வோம். டேசியாவை (இன்றைய ருமேனியாப் பகுதி) வென்றதற்கான ‘டாக்கிகஸ்’ பட்டம் 102-இல் வந்தது. கான்சல் எனும் உயர் ஆட்சிப் பதவி ஐந்தாம் முறை 103-இல், ஆறாம் முறை 112-இல். பெயரோடு ‘ஆப்டிமஸ்’ (மிகச் சிறந்தவர்) சேர்ந்தது 114-இல். ஆகவே, ஆறாம் கான்சல் என்று சொல்லி, தலைப் பக்கத்தில் ஆப்டிமஸ் இல்லாத காசு 112-க்கும் 114-க்கும் இடைப்பட்டது. ஒரு எச்சரிக்கை: அதே சொல் பின்பக்கத்தில் பல வருடம் முன்பிருந்தே வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

போலியைப் பிடிக்க லென்ஸ் வேண்டும். அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டது. வார்ப்பில் ஊற்றியது அல்ல. பரப்பில் பொடிப்பொடிக் குழிகளோ, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

சேதத்தையும் படிக்கலாம். 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த புதையலில் 501 அவ்ரியஸ் காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டியிருந்தார்கள். தேய்ந்த காசு மறுபடி நாணயமாகப் புழங்காமல், வெறும் தங்கமாக மட்டும் கைமாற வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்தக் குவியலிலேயே பிந்தியது 69-இல் ஆட்சிக்கு வந்த வெஸ்பாசியனின் காசு. ஆகவே எவ்வளவு சீக்கிரம் என்றாலும், அந்த வருடத்துக்கு முன்னால் யாரும் அதைப் புதைத்திருக்க முடியாது.