"குழந்தையே சொல்லிருச்சுங்க"

மறுபடியும் ஒரு செல்போன் வீடியோ. ஏழு வயதுப் பிள்ளை கேமராவைப் பார்த்து, "நான் அப்பாகிட்டப் போமாட்டேன்" என்கிறது. சொல்லி முடித்த கணமே அதன் கண் போனைப் பிடித்திருப்பவர் முகத்துக்குப் போகிறது, சரியாகச் சொன்னோமா என்று. பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்காடும், பிரிந்து வாழும் பெற்றோர் இந்த வீடியோவைக் குடும்ப நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்கிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

ஈரோடு, திருப்பூர், கோவை, எங்கே போனாலும் இதே பேச்சு: "குழந்தையே சொல்லிருச்சுங்க, அப்புறம் என்ன?" பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பா வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மிச்சி (அம்மாவின் அம்மா) முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றால், போவதே துரோகம் என்று அதற்குப் புரிந்துவிடும். அங்கே போனதும் இதே பிள்ளை அப்பத்தா மடியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இங்கதான் புடிக்கும்" என்று சொல்லும். யாரிடம் இருக்கிறதோ அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் மறுக்கும். சில பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருக்கும். சில பிள்ளைகள் உண்மையாகவே அடி வாங்கியிருக்கும். இந்தக் கடைசிக் காரணம் இருந்தால் முதலில் பாதுகாப்பு, அழைக்க வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. எங்களைப் போன்ற ஆலோசகர்கள் தரும் குடும்ப சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

சட்டமும் பிள்ளையின் வார்த்தையைத் தீர்ப்பாக எடுப்பதில்லை. 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் (பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிப்பது பற்றிய சட்டம்) 17(3) பிரிவு, விவரமாக விருப்பம் சொல்லக்கூடிய வயதிருந்தால் நீதிமன்றம் அதைக் கருதலாம் என்று மட்டுமே சொல்கிறது. முதன்மை, பிள்ளையின் நலன்.

குடும்ப சிகிச்சை என்றதும் "மறுபடி சேத்து வெக்கற பஞ்சாயத்தா?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. விவாகரத்து முடிந்த பிறகும் நடக்கும். முதலில் அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாகப் பார்ப்போம், தேவைப்பட்டால் வேறு வேறு நாளில். அடுத்து பிள்ளையோடு தனியாக, விளையாட்டும் படமுமாக. பிறகு பிள்ளை பார்க்காமல் இருந்த அம்மாவோடோ அப்பாவோடோ அரை மணி நேரம், ஒரே அறையில், பழகிய ஒரு விளையாட்டோடு. பிள்ளை நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகுதான் நேரத்தைக் கூட்டுவோம். முதல் நாளே முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று அடம்பிடித்துக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

சிகிச்சை தருபவரிடமே "பிள்ளை என்கிட்டத்தான் இருக்கணும்னு ஒரு லெட்டர்" கேட்காதீர்கள். யாரிடம் இருக்க வேண்டும் என மதிப்பிட்டு அறிக்கை தருவது வேறொருவர் வேலை. இரண்டையும் ஒருவரே செய்தால், பிள்ளை அந்த அறையிலும் வாயை மூடிக்கொள்ளும். எது ரகசியம், எது கோர்ட்டுக்குப் போகும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை திரும்பி வந்ததும் "அங்க யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க" என்று விசாரணை வேண்டாம். பசிக்குதா என்று கேட்டால் போதும். ஃபீஸ், ஜீவனாம்சம், வாய்தா தேதி எதையும் பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். போன் பேசுவது தினமும் ஒரே நேரம், 10 நிமிடம், ஸ்பீக்கரில் போடாமல்.

ஒப்படைக்கிற இடத்தில் 5 நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். "அழுவாம இரு சாமி" என்று சொன்னால் அழ வேண்டிய இடம் என்று பிள்ளைக்குத் தெரிந்துபோகும். "போயிட்டு வா கண்ணு, ஆறு மணிக்கு இங்கயே நிப்பேன்" என்று சொல்லுங்கள். ஆறு மணிக்கு அங்கேயே நில்லுங்கள்.